வாத்தியார் ஜோக்குக்குச் சிரிக்கிறவர்கள்

ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் எழுதிய ‘தி டெசர்டட் வில்லேஜ்’ கவிதையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருவார். காலையில் அவர் முகத்தைப் பார்த்தே பையன்கள் அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடுவார்கள். அவர் ஜோக் அடித்தால் மொத்த வகுப்பும் சிரிக்கும். அது பொய்ச் சிரிப்பு. அவரிடம் ஜோக்குகள் ஏகப்பட்டது இருந்தன என்று கோல்ட்ஸ்மித் போகிற போக்கில் ஒரு குத்தும் விடுகிறார்.

250 வருஷம் கழித்து என் தொழிலில் இருப்பவர்கள் அதே சிரிப்பை ஆன்லைன் மீட்டிங்கில் சிரிக்கிறோம். மேனேஜர் ஏதோ சொல்வார். எல்லோரும் மியூட்டில் இருப்போம். திரையில் மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக மேலே மிதந்து போகும். எமோஜி வந்தபிறகு பொய்யாகச் சிரிக்க முகத்தைக்கூட அசைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் முன்னேற்றம்.

தமிழில் வாத்தியார் நகைச்சுவைக்குப் பஞ்சமே கிடையாது. தீபாவளி, பொங்கல் காலையில் டிவியைப் போட்டால் பட்டிமன்றம். நடுவராக உட்கார்ந்திருப்பவர் அநேகமாக ஒரு பேராசிரியர். சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். கு. ஞானசம்பந்தன் மதுரை தியாகராசர் கல்லூரிக்காரர். திண்டுக்கல் ஐ. லியோனி பள்ளி ஆசிரியர். 2021இல் தமிழ்நாடு பாடநூல் கழகத்துக்கே தலைவரானார். ஜோக் சொல்லும் வாத்தியாரிடம் பாடப்புத்தகத்தையே ஒப்படைத்த மாநிலம் வேறு இருக்குமா தெரியவில்லை. அன்றாட வாழ்க்கை, குடும்பம், வகுப்பறை, பஸ் பயணம், மாமியார் வீடு என்று ஆசிரியர் ஒருவரின் இலகுவான யோசனைகள் எல்லாம் தமிழில் மேடைக்குப் போய்விட்டன. அங்கே நன்றாகவும் இருக்கின்றன. பாப்பையாவின் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டு வளர்ந்தவன் நான், குறை சொல்ல மனசு வரவில்லை.

ஆனால் எழுத்தில் தேடினால் கைக்குக் கொஞ்சம்தான் சிக்குகிறது. தமிழில் இலகுவான கட்டுரைக்கு ஒரு பொற்காலம் இருந்தது, 1930களின் ஆனந்த விகடன். எழுதியவர்களைப் பாருங்கள். கல்கி பத்திரிகைக்காரர். எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வக்கீல். வக்கீல் கோர்ட்டில் தோற்றுவிட்டு வந்து வீட்டில் காபி கேட்டுத் திட்டு வாங்கியதை எழுதலாம். வாத்தியாருக்கு அது கொஞ்சம் கஷ்டம். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் நாற்பது பேர் முன்னால் தோற்காதவராக நிற்க வேண்டும்.

இந்தக் கஷ்டத்தைப் பற்றி நான் படித்ததில் மிகக் கூர்மையான கட்டுரை சார்ல்ஸ் லாம் 1821இல் எழுதிய ‘பழைய பள்ளி ஆசிரியரும் புதிய பள்ளி ஆசிரியரும்’. கோச்சு வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் லாமைக் கேள்வியாகக் கேட்டுத் துளைக்கிறான். கடைச்சரக்கு விலை முதல் பழங்கதை வரைக்கும். லாமுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை, சமாளிக்கிறார். ஆள் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, அவர் ஒரு வாத்தியார். அங்கிருந்து லாம் யோசிக்க ஆரம்பிக்கிறார்: ஒரு பள்ளி ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் நமக்கு ஏன் இருப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது? நம் பக்கத்தில் அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை என்பது நமக்குத் தெரிவதால்தான். குள்ளர்கள் ஊரில் இருந்துவிட்டு வந்த கல்லிவர் மாதிரி, தன் அளவுக்குச் சமமான ஆளோடு எப்படிப் பேசுவது என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. எதையும் விளக்கித்தான் சொல்ல வருகிறது. இதோடு லாம் இன்னொன்றும் சொல்கிறார். வாத்தியார் ஜோக்குகள் ஒன்று முரடாக இருக்கும், இல்லையென்றால் தண்ணியாக இருக்கும். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் செல்லாது.

லாம் வாத்தியார் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் 33 வருஷம் கணக்கெழுதிய குமாஸ்தா. 1825 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அதே வருஷம்தான் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள், முத்துக்குளிக்கும் கடலோடு சேர்த்து. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆனாலும் இலகுவான கட்டுரையின் தாத்தாவுடைய கணக்குப் புத்தகத்தில் எங்கள் ஊர் முத்து ஒரு மயிரிழையில் தப்பிப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அந்தத் தூத்துக்குடிக்கு லாம் பிற்பாடு பாடமாக வந்து சேர்ந்திருப்பார். வ.உ.சி. கல்லூரி 1951இல் தொடங்கியது. அங்கே முதல்வராக இருந்தவர் அ. சீனிவாசராகவன். ஆங்கிலப் பேராசிரியர், ‘நாணல்’ என்ற பெயரில் கவிதை எழுதியவர், ‘சிந்தனை’ என்று பத்திரிகை நடத்தியவர், ‘வெள்ளைப் பறவை’ கவிதைத் தொகுப்புக்கு 1968இல் சாகித்திய அகாதெமி விருது. லாமும் கோல்ட்ஸ்மித்தும் அந்தத் தலைமுறை ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு அன்றாடச் சாப்பாடு. ஒரு துறைமுக ஊர், உப்பளம், மாதா கோவில் திருவிழா, கப்பல் சங்கு, கூடவே இங்கிலீஷ் கட்டுரை மரபு முழுக்கத் தெரிந்த ஒரு கவிஞர். இலகுவான வாத்தியார் கட்டுரை தமிழில் பிறக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் அ.சீ.ரா. இன்றைக்கு நினைக்கப்படுவது கவிஞராக, கம்பனையும் பாரதியையும் மேடையில் விரித்துச் சொன்னவராக. அவர் காலத்துப் பேராசிரியர்களுக்கு எதிரே ஒரு சபை இருந்தது. வாசகனோடு தனியாக உட்கார்ந்து தன்னைப் பற்றியே கேலி பேசிக்கொள்வது அந்தச் சபைக்கு ஏற்ற பேச்சு இல்லை.

இங்கே என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பெரியம்மா தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் 28 வருஷம் டீச்சர். பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், கரிசல்காடு. வேலைக்குச் சேருகிற வரை கடலை ரெண்டு தடவைதான் பார்த்திருந்தாராம், ரெண்டும் திருச்செந்தூரில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே பள்ளிக்கூடக் கதை சொல்வார். தமிழில் நான் அறிந்த மிகச் சிறந்த வாத்தியார் நகைச்சுவை அந்த அடுப்படியில் கேட்டதுதான்.

ஒன்று சொல்கிறேன். சமூக அறிவியல் பரீட்சை. ஜூன் மாதம் நம் பகுதியில் பலமாக வீசும் காற்று எது? விடைத்தாளில் ஒரு பையன் ‘கச்சான்’ என்று எழுதியிருக்கிறான். பெரியம்மா சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, தாளைக் கொடுக்கும்போது வகுப்பிலேயே கேட்டிருக்கிறார்: “யாருல அது கச்சான்?”

“காத்து டீச்சர்.”

“காத்துக்குப் பேரெல்லாம் உண்டாக்கும்?”

அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் சிரித்திருக்கிறது. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது டீச்சருக்குத் தெரியவில்லை. “அன்னைக்குச் சிரிச்ச மாதிரி அதுங்க என் சர்வீஸ்லயே சிரிச்சது கெடையாது” என்பார் பெரியம்மா. அதோடு விடமாட்டார். “எங்க ஊர்ல அதுக்குப் பேரு மேகாத்து. அதையும் நான் எந்தப் பரீட்சையிலயும் எழுதுனதில்ல. எழுதியிருந்தா எங்க டீச்சரும் பெருக்கல்தான் போட்டிருப்பாக.”

கோல்ட்ஸ்மித்தின் பையன்கள் சிரித்த சிரிப்புக்கும் இந்தச் சிரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அங்கே சிரிக்காமல் இருக்கப் பையனுக்கு உரிமை கிடையாது. இங்கே சிரிப்பு டீச்சர் கையில் இல்லை. அது அவர் தலைக்கு மேலே கட்டுப்பாடு இல்லாமல் வீசிவிட்டுப் போகிறது, பிற்பாடு அவரே அதை எடுத்து வைத்துக்கொள்கிறார்.

பெரியம்மா ஒரே ஒரு தடவை எழுதியிருக்கிறார். ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவந்தார்கள். ‘நீங்க நல்லா கதை சொல்வீங்களே டீச்சர், எழுதுங்க’ என்று கேட்டிருக்கிறார்கள். வந்த கட்டுரையின் தலைப்பு: ‘கடலோர மாணவர்களின் கல்வி நிலையும் ஆசிரியர் கடமையும்’. ரெண்டு பக்கம். முதல் பத்தியில் ஒரு திருக்குறள். ‘மாணவர்களின் வட்டார அறிவை மதித்து, அவர்களிடமிருந்து நாமும் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிதான் கச்சான் கதை. பையன் இல்லை, பெருக்கல் குறி இல்லை, சிரிப்பு இல்லை, கச்சான் என்ற சொல்லே இல்லை. ஏன் பெரியம்மா இப்படி என்று கேட்டேன். “பின்ன, டீச்சர் முட்டாளாயிட்டான்னா எழுத முடியும்? பேரண்ட்ஸ் படிப்பாகல்ல” என்றார்.

இது பெரியம்மாவுடைய குறை என்று நான் நினைக்கவில்லை. தமிழில் ஆசிரியர் அனுபவக் கட்டுரை என்ற வடிவமே அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறது. ஒரு சுவாரசியமான சம்பவம், ஒரு குறும்புக்காரப் பையன், கடைசியில் ஒரு நீதி. பையன் பிற்காலத்தில் பெரிய ஆளாகி வந்து காலில் விழுவான். நீதியைச் சொன்னதும் கட்டுரையில் ஆசிரியர் மறுபடியும் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். சம்பவம் நடந்தபோது கொஞ்ச நேரம் காலியாக இருந்த நாற்காலி கட்டுரையில் காலியாகவே இருப்பதில்லை. மேடையில் இதே வேலையைக் கைதட்டல் செய்கிறது. அங்கே சபை சிரிப்பது பெரும்பாலும் வராத ஆளைப் பார்த்து. வீட்டில் இருக்கிற மனைவி, மக்குப் பையன், மாமியார். அவர்களுக்கு மைக் கிடையாது.

பெண் ஆசிரியர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். அரசுப் பள்ளிகளில் எங்கே பார்த்தாலும் டீச்சர்கள். அவர்களுடைய சிரிப்பெல்லாம் அடுப்படியோடும் ஷேர் ஆட்டோவோடும் முடிந்துபோகிறது. பெரியம்மாவின் இன்னொரு வரி: கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளிக்கூட முழு ஆண்டு லீவும் அதற்குள்ளேதான் வரும். “அப்பன்மாருக்கும் லீவு, பிள்ளைகளுக்கும் லீவு, டீச்சருக்கும் லீவு. இந்தக் கரையில ஆத்தாமாருக்கு மட்டும் கடவுளும் கவர்மெண்டும் லீவு விடலை.” இந்த ஒரு வரியில் இருக்கிற பொருளாதாரம் அந்த மலர்க் கட்டுரை முழுவதிலும் இல்லை.

விதிவிலக்குகள் இருக்கின்றன, சும்மா புலம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ச. மாடசாமி சிவகாசியில் கல்லூரிப் பேராசிரியர், அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர். அவருடைய புத்தகத்தின் பெயரே ‘என் சிவப்புப் பால்பாயின்ட் பேனா’. கையில் இருக்கிற ஆயுதத்தைத் தலைப்பிலேயே மேசைமேல் எடுத்து வைத்துவிட்ட ஆசிரியர். மற்றவர்கள் பையனின் விடையை எழுதுகிற இடத்தில் இவர் பேனாவைப் பார்க்கச் சொல்கிறார். நீதியின் வாடை அவரிடமும் அங்கங்கே அடிக்கும், ஆனால் அது பெரும்பாலும் ஆசிரியருக்கான நீதி. ஜேம்ஸ் ஹில்டனின் ‘குட்பை, மிஸ்டர் சிப்ஸ்’ நாவலை வைத்து ‘போயிட்டு வாங்க சார்’ எழுதியவரும் அவர்தான். அந்தத் தலைப்பு ஒன்றே போதும், மொழிபெயர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு.

பாமா பள்ளி ஆசிரியை. அவர் எழுத்தில் இருக்கிற எகத்தாளம் தமிழில் அபூர்வம். ‘கிசும்புக்காரன்’ (1996) கதைகளில் சனங்கள் முதலாளியின் முகத்துக்கு நேராகவே நக்கல் அடிப்பார்கள், அவனுக்குப் புரிந்தும் புரியாமலும் இருக்கும். ஆனால் கவனியுங்கள், பாமாவின் சிரிப்பு ஸ்டாஃப் ரூமிலிருந்து வரவில்லை. ‘கருக்கு’ (1992) எழுதியவர், தேங்காய் திருடியதாக ஹெட்மாஸ்டரிடம் பழி கேட்டு, சாதியைச் சொல்லி அவமானப்பட்ட மாணவி. டீச்சரான பிறகும் அவர் பெஞ்சுப் பக்கம் நின்றுதான் சிரிக்கிறார்.

மூன்றாவது ஆள் கி. ராஜநாராயணன். இடைசெவல்காரர், பெரியம்மா ஊருக்குப் பக்கம். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிற மாதிரி அவர் சொல்லிக்கொண்டது ஊரறிந்த கதை. கல்லூரிப் படியே மிதிக்காதவரை 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அதற்கு முன்பே ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியிருந்தார். அதில் நீதி சொல்கிற ஆளே கிடையாது. யாரோ திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், நாம் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்போம். 1982இல் அவர் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் காலங்காலமாகச் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் அது. பெரியம்மா பரீட்சையில் எழுதாமல் விட்ட வகைச் சொற்களுக்கு அதில்தான் மரியாதை கிடைத்தது. கடற்கரைக்கு அப்படியொரு மரியாதை நாவல்கள் வழியாக வந்தது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ படித்தபோது காற்றுப் பெயர்கள் அங்கே வெகு சாதாரணமாகப் புழங்குவதைப் பார்த்தேன். பெரியம்மாவிடம் காட்டினேன். “அந்தப் பயலுக்கு இப்ப மார்க்கு போடணுமேல” என்றார்.

இதற்கெல்லாம் ஒரு எதிர்வாதம் உண்டு. இலகுவாக எழுதுவது ஒரு சொகுசு இல்லையா? வேறு எந்த ஊரிலாவது பரவாயில்லை, தூத்துக்குடியில்? 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு மாணவியும் அதில் இருந்தாள். பத்து நாளில் பள்ளிக்கூடங்கள் திறந்தன. பெரியம்மா அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைக் கதைகளை ரொம்ப நாளைக்குச் சொல்லவில்லை. பிற்பாடு ஒரு நாள் சொன்னார், எப்போதும்போல வெங்காயம் உரித்துக்கொண்டே: “அந்த ஜூன்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப, பேரைக் கூப்பிட்டுட்டு ‘உள்ளேன் டீச்சர்’ வர்ற வரைக்கும் ஒரு செகண்ட் இருக்கும்லா. அது நீளமா இருந்துச்சு.”

குரல் மாறவில்லை. கச்சான் கதை சொன்ன அதே குரல். அந்த மலருக்கு எழுதிய குரலில் இதைச் சொல்லவே முடியாது. அந்தக் குரலுக்கு ‘துயரச் சம்பவம்’ என்று ஒரு சொல் கிடைக்கும், ‘மாணவர்களின் மனநிலை’ என்று ஒரு சொல் கிடைக்கும். அந்த ஒரு செகண்ட் கிடைக்காது. இலகுவான எழுத்து என்று நான் கேட்பது சிரிப்பு மூட்டுகிற எழுத்தை மட்டும் அல்ல. ஆசிரியர் தன்னை உயரத்தில் வைத்துக்கொள்ளாததால் சின்ன விஷயங்கள் கண்ணில் படுகிற எழுத்தை. மிஸ்டர் சிப்ஸ், முதல் உலகப்போரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது வகுப்பை நிறுத்தாமல் லத்தீன் பாடம் நடத்துவார். சீசர் ஜெர்மானியர்களோடு சண்டை போட்ட பகுதியை ஒரு பையனை விட்டு வாசிக்கவைத்து, அதிலேயே ஒரு ஜோக்கும் அடிப்பார். பையன்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பொய் இருந்திருக்காது. அவருக்கும் அவர்களுக்கும் மேலே இருந்தது ஒரே கூரை.

கடைசியாக வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977இல் வந்த நாவல், மணப்பாட்டுக் கரை. பிலோமியின் காதலுக்காக அதைப் படிப்பவர்கள்தான் அதிகம். எனக்கு இந்தத் தடவை படிக்கும்போது கண்ணில் பட்டது அதில் இருக்கிற ரெண்டு வாத்தியார்கள். ஒருவன் பிலோமியின் அண்ணன் செபஸ்தி. படித்து ஆசிரியராகிக் கரையை விட்டுப் போனவன். வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அப்பன் குரூஸ் மிக்கேலை நச்சரிக்கிறவன். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவன் பேசினால் பாடம் நடத்துவதுபோலத்தான் இருக்கும், கேட்கிறவர்கள் சிரிக்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது.

இன்னொருவர் ஊரில் வெறும் ‘வாத்தி’. பிலோமியின் அம்மா மரியம்மைக்கும் அவருக்கும் ஒரு சிநேகம், அதை ஊர் தன் வாய்க்கு வந்தபடி பேசுகிறது. மரியம்மை செத்துப்போன பிறகு பிலோமி அவரைத் தேடிப் போகிறாள். அம்மாவைப் பற்றி ஊர் சொன்னதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண் அந்த மனிதர் வீட்டுக்கே போய் உட்காருகிறாள், ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் அவளுக்குப் புத்தி எதுவும் சொல்வதில்லை. வெளியே கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது.